ஏழாம் நம்பர் கன்ட்ரோல்

எழிலரசியின் கீபோர்டுக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. இதைத் தன் மாமியாருக்குப் புரியவைக்க அவள் நாலு வருஷம் முயற்சி செய்து, பிறகு விட்டுவிட்டாள். இத்தினி கட்டை இருக்குது, எட்டுத் திருகு இருக்குது, அமுக்கினா ஒரு சத்தமும் வரலன்னா அது என்னாத்துக்கு என்று அந்த அம்மாள் கேட்பார். இது வெறும் நம்பர் அனுப்புறது அத்தை, சத்தம் லேப்டாப்புல இருக்கு என்று இவள் சொல்லுவாள்.

உண்மையும் அதுதான். மிடி கீபோர்டு என்பது ஒயர் வழியாக லேப்டாப்புக்கு எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கிற ஒரு சாமான். எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்பது ஒரு வகை. கட்டைகளுக்கு மேலே இருக்கும் எட்டு நாப்களும், அதாவது திருகுகளும், தள்ளி நகர்த்தும் ஒரு ஸ்லைடரும் அனுப்புவது இன்னொரு வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கன்ட்ரோல் நம்பர் உண்டு. அதைத் திருகத் திருக அளவு பூஜ்யத்திலிருந்து நூற்று இருபத்தேழு வரைக்கும் ஏறும், இறங்கும். ஏழாம் நம்பர் என்றால் வால்யூம். எந்தக் கம்பெனி கீபோர்டானாலும் அதுதான் வழக்கம். எழிலரசியின் ஸ்லைடரிலும் ஏழாம் நம்பர்தான் இருந்தது.

கடலூர் முதுநகரில் வீடு. கடல் காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்காது, ஸ்லைடர் எம்மாத்திரம்? வாங்கின இரண்டாம் வருஷமே உள்ளே உப்புப் பிடித்துவிட்டது. அறுபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில், தள்ளும்போது அளவு சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து திரும்பும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாசிக்கும் சர்ச்சில் பாட்டு ஒரு கண் சிமிட்டும் நேரம் அறுந்து ஒட்டும். கேட்கிறவர்களுக்குப் பழகிவிட்டது. அவளுக்கும்தான். அந்த இடம் வந்தால் விரலை வேகமாகத் தள்ளிக் கடந்துவிடுவாள்.

அவளை நாட்டிய நாடகத்துக்குக் கூட்டி வந்தது அன்பரசு. அவள் கணவன் தங்கராசுவுக்கு ஸ்கூல் காலத்துச் சிநேகிதன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மேடை லைட்டு, சீரியல் செட்டு வேலை செய்பவன். எதையும் பிரித்துப் பார்த்துத் திரும்ப மாட்டிவிடும் கை அவனுக்கு. அண்ணாமலை நகரில் இருக்கும் வைத்திலிங்கம் என்ற ரிட்டையர்டு புரொபசர், பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பற்றி ஒரு நாட்டிய நாடகம் போடுவதாகவும், அதற்குக் கூடவே வாசிக்க ஆள் வேண்டும் என்றும் சொல்லி, பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்த எழிலரசியை இழுத்து வந்துவிட்டான்.

நாடகத்தின் உச்சக்கட்டத்தில், காட்டுக்கு வலசை வரும் ஒரு நாரை மேலே எழும்ப வேண்டும். நாரையாக ஆடியவள் ஸ்ரீமதி. கிள்ளைக்காரப் பெண், கல்லூரியில் இரண்டாம் வருஷம். எலும்பும் தோலுமாக இருந்தாலும் நின்றால் நாரை மாதிரியே நிற்பாள். அவளைத் தூக்க அன்பரசு ஒரு பழைய மோட்டரை வாங்கி, கயிற்றுச் சுருளை மாட்டி, மேடைக்கு மேலே இரும்புக் குழாயில் கட்டினான். ஸ்ரீமதியின் இடுப்பு பெல்ட்டுக்குப் பின்னால் கொக்கி. மோட்டரையும் மேடை லைட்டுகளையும் ஓட்ட நாலு ஸ்லைடர் வைத்த ஒரு சின்னப் பெட்டி. அதுவும் மிடி பெட்டிதான், அதன் முதல் ஸ்லைடருக்கும் அதே ஏழாம் நம்பர். முதல் ஸ்லைடரைத் தள்ளினால் ஸ்ரீமதி மேலே போவாள், இழுத்தால் கீழே வருவாள். பூஜ்யம் என்றால் தரை. நூற்று இருபத்தேழு என்றால் பதினெட்டு அடி.

கடலூரில் ஒத்திகை நடந்தவரைக்கும் ஒரு குறையும் இல்லை. அவன் பெட்டி அவன் லேப்டாப்பில், இவள் கீபோர்டு இவள் லேப்டாப்பில்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு காட்சி. காலை பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஐந்துக்கு ஒன்று. எழிலரசி சர்ச்சுக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டு, கீபோர்டை உறையோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியபோது ஒன்பதரை. மண்டபத்துக்குள் அன்பரசு தரையில் உட்கார்ந்து தன் லேப்டாப்பைக் குப்புறப் போட்டுப் பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ராத்திரி வேனில் வரும்போது தண்ணீர் கேன் கவிழ்ந்துவிட்டதாம். லேப்டாப் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் எழிலரசியின் லேப்டாப்பிலேயே செருகினார்கள். இவள் கீபோர்டு ஒரு பக்கம், அவன் பெட்டி ஒரு பக்கம், மோட்டருக்குப் போகும் ஒயர் ஒரு பக்கம். அப்போதே எழிலரசிக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த எண்களெல்லாம் போய்ச் சேருவதற்குச் சேனல் என்று ஒன்று இருக்கிறது. சேனலைத் தெருப் பெயர் என்று வைத்துக்கொண்டால் கன்ட்ரோல் நம்பர் கதவு எண். ஏழாம் நம்பர் வீடு எல்லாத் தெருவிலும் இருக்கும். தெருப் பெயர் எழுதினால்தான் கடிதம் சரியான வீட்டுக்குப் போகும்.

சேனல் பிரித்தாயிற்றா என்று அவள் கேட்டாள். அதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல எழிலு, மோட்டரு எல்லாச் சேனலையும் கேக்குற மாதிரி விட்டுட்டன், என் பெட்டி வேலை செய்யுது பாரு என்று அன்பரசு முதல் ஸ்லைடரைத் தள்ளிக் காட்டினான். மேடையில் வெறும் கொக்கி விர்ரென்று ஏறியது, இறங்கியது. மண்டபத்து மைக்செட்டுக்காரர் தலையாட்டினார்.

பத்தே முக்காலுக்கு அவள் சத்தம் பார்ப்பதற்காகத் தன் ஸ்லைடரை லேசாகத் தள்ளினாள். அந்த நேரத்தில் தற்செயலாக நிமிர்ந்தவள், கொக்கி ஒரு சாண் மேலே போய் நின்றதைப் பார்த்தாள்.

"அண்ணே, கொக்கி ஏறுச்சு."

"பேன் காத்துல ஆடுதும்மா" என்றான் அன்பரசு, ஒயரைப் பல்லால் உரித்துக்கொண்டே.

காற்றில் ஆடும் கொக்கி இடமும் வலமும் போகும், மேலே போகாது. அது அவளுக்குத் தெரிந்தது. இரண்டாம் தடவை கேட்க வார்த்தை நாக்குவரைக்கும் வந்தது. ஆனால் போன வாரம் ஒத்திகையில், மோட்டருக்கு பிரேக் உண்டா என்று அவள் கேட்டதற்கு, நீ கட்டையை அமுக்கற வேலையப் பாரும்மா என்று யாரோ சொல்ல, அங்கிருந்த ஆம்பளைகள் நாலு பேரும் சிரித்திருந்தார்கள். அன்பரசுகூடச் சிரித்தான். இப்போதும் மைக்செட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். எழிலரசி வாயை மூடிக்கொண்டாள். அதற்குள் அன்பரசு மோட்டர் சுவிட்சை அணைத்து, கொக்கியை மேடையின் பின்பக்கத்து ஜாலர் துணிக்குப் பின்னால் மறைத்துக் கட்டிவிட்டான். நாரை எழும்பும் காட்சிக்குத்தான் சுவிட்சைத் திரும்பப் போடுவான்.

மண்டபம் நிறைந்துவிட்டது. கிள்ளையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில், மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு, மடியில் ஒரு எவர்சில்வர் தூக்குடன் உட்கார்ந்திருந்தவள் ஸ்ரீமதியின் அம்மா மங்கலம். மகளுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள்.

எழிலரசியின் இடம் மேடையின் இடது ஓரம், பக்கத்திரைக்கு முன்னால். அன்பரசு வலது ஓரம். அவளுடைய லேப்டாப்பிலிருந்து அவன் பெட்டிக்கு மேடையின் பின்பக்கமாக ஒரு நீள ஒயர் ஓடியது.

நாடகம் தொடங்கி நாற்பது நிமிஷம் அவள் ஸ்லைடரைத் தொடவேயில்லை. எண்பதில் வைத்தது வைத்தபடி இருந்தது. சத்தம் கூட்ட வேண்டிய இடத்தில் கட்டைகளை அழுத்தி அடித்தாள், குறைக்க வேண்டிய இடத்தில் தடவினாள். சும்மா ஒரு சந்தேகம்தானே, தொடாமல் இருந்துவிட்டால் போயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. புடவை முந்தியில் துடைத்துத் துடைத்து வாசித்தாள்.

நாரை எழும்பும் கட்டம் வந்தது. நாலு பெண்கள் அலையாத்தி மரங்களாகச் சுற்றி நிற்க, நடுவில் ஸ்ரீமதி ஒற்றைக்காலில் நின்றாள். பின்னால் ஒரு பெண் கொக்கியை மாட்டினாள். அன்பரசு சுவிட்சைப் போட்டு, தன் ஸ்லைடரை மெதுவாகத் தள்ளினான். ஸ்ரீமதி கைகளை விரித்தபடி மேலே போனாள். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். பதினைந்து அடிக்கு மேலே போய் அவள் நின்றதும் இசை பொங்கி எழ வேண்டும். நூறு தடவை ஒத்திகை பார்த்த இடம்.

எழிலரசி நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போய்விட்டது. இடது கையின் இரண்டு விரல் ஸ்லைடரில் விழுந்து, மேலே தள்ளியது.

ஸ்ரீமதி விழுந்தாள்.

நாலு அடி. கல் விழுகிற மாதிரி விழுந்து, கயிறு வெடுக்கென்று இழுக்க, நடுவானத்தில் நின்று ஊசலாடினாள். பெல்ட் விலாவில் வாங்கிய அடியில் அவள் முகம் சுருங்கியது. மண்டபம் முழுக்க ஒரு பெரிய மூச்சு இழுக்கும் சத்தம். அடுத்த நொடி எல்லோரும் கை தட்டினார்கள். நாரை கீழே பாய்ந்து நிற்பதாக நினைத்துவிட்டார்கள்.

எழிலரசியின் விரல் ஸ்லைடர் மேலேயே உறைந்துவிட்டது. கீபோர்டின் சின்னச் சிவப்புத் திரையில் எண்பத்து நாலு என்று இருந்தது. அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. அன்பரசு நூற்றுப் பத்தில் நிறுத்தியிருந்தான். இவள் எண்பதைத் தாண்டித் தள்ளியதும் மோட்டர் இவள் சொன்னதைக் கேட்டு எண்பதுக்கு இறங்கியது. பிறகு எண்பத்து நாலுக்கு ஏறியது. கடைசியாக யார் நம்பர் அனுப்புகிறார்களோ அவர்கள் பேச்சைத்தான் அது கேட்கும். இப்போது ஸ்ரீமதி தொங்குவது பெட்டியின் பேச்சில் அல்ல, அவளுடைய இரண்டு விரலில்.

வலது ஓரத்தில் அன்பரசு பதறி எழுந்தான். காலில் ஒயர் சிக்கியது. ஒயர் பிடுங்கிக்கொண்டு, பெட்டி மேசையிலிருந்து தலைகீழாக விழுந்தது. மேடை லைட்டுகள் இருந்தபடியே நின்றன. ஸ்ரீமதியும் நின்றாள்.

வலது கையால் எழிலரசி மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நீண்ட வயலின் சத்தம் மட்டும் மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அன்பரசு பின்பக்கமாகக் குனிந்தபடி ஓடிவந்து, திரைக்குப் பின்னால் அவள் தோளருகே முட்டிபோட்டான். கையில் அந்தப் பெட்டி. முகத்தில் ரத்தமே இல்லை.

ஒயரைத் திரும்பச் செருகிவிடுவதாக அவன் முணுமுணுத்தான்.

"செருகாதீங்க." குரல் தன்னுடையதா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. "முதல் ஸ்லைடர் எங்க நிக்குது பாருங்க."

அவன் பார்த்தான். விழுந்த வேகத்தில் அது அடியில் போய் நின்றிருந்தது. பூஜ்யம். செருகின உடனே பெட்டி தன் அளவை அனுப்பினாலும் அனுப்பும். அவன் பெட்டியைப் பாம்பைக் கீழே வைப்பதுபோல் வைத்தான்.

மோட்டர் சுவிட்சை அணைத்தால் என்ன என்று அவள் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். பிரேக் இல்லை, கரண்டு இருக்கிறவரைக்கும்தான் பிடித்திருக்கும், அணைத்தால் கயிறு ஓடிவிடும் என்றான். போன வாரம் அவள் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. ஏணி? வாடகை ஏணியைக் காலையிலேயே அனுப்பிவிட்டார்கள். திரையை மூடினால் கயிற்றில் மாட்டும்.

"நீயே எறக்கிடு எழிலு. மெதுவா ஸ்லைடரை இழுத்துடு" என்றான்.

அறுபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருக்கும் அந்த உப்புப் பிடித்த இடம் அவள் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷம் அது ஒரு பாட்டைக் கண் சிமிட்டும் நேரம் அறுத்தது. இன்றைக்கு அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் ஸ்ரீமதி எட்டடி உயரத்திலிருந்து நேராகத் தரைக்கு வருவாள்.

அவள் மேலே பார்த்தாள். ஸ்ரீமதி இன்னும் கைகளை விரித்துத்தான் வைத்திருந்தாள். அவள் பார்வை நேராக எழிலரசி மேல் இருந்தது. அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கிறவரைக்கும் எல்லாம் நாடகம்தான் என்று நம்பிக்கொண்டு அசையாமல் இருக்கிறாள் என்பது எழிலரசிக்குத் தெரிந்தது. சத்தம் நின்றால் பிள்ளை பயந்து கயிற்றைப் பிடிக்கத் திரும்புவாள். திரும்பினால் கொக்கி என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு வழி இருந்தது. ஏழாம் நம்பரை ஸ்லைடரிலிருந்து அனுப்ப வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. எந்த நாப்புக்கும் அந்த நம்பரைக் கொடுக்கலாம். மூன்றாவது நாப் புதுசு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். இப்போது அதில் இருந்தது எதிரொலிக்கான நம்பர். அதை மாற்றி ஏழைக் கொடுத்தால் போதும். ஆனால் நாப் இப்போது எங்கே நிற்கிறதோ, முதலில் திருகும்போது அந்த அளவுதான் போகும். இருபதில் நின்றால் இருபது. ஸ்ரீமதியும் இருபதுக்குப் போவாள். அதனால் நம்பரை மாற்றுவதற்கு முன்னாலேயே நாப்பைத் திருகி, எண்பத்து நாலில் நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. நம்பர் மாற்றும்போது கட்டைகள் வாசிக்கப் பயன்படாது. எண்களை அடிக்கிற பொத்தான்களாகிவிடும். சத்தம் நின்றுவிடும். அதற்குக் கால் இருந்தது. கீழே ஒரு பெடல், அதை மிதித்துக்கொண்டிருந்தால் கையை எடுத்தாலும் சத்தம் நிற்காது. எழிலரசி வலது காலால் பெடலை மிதித்தாள். முட்டி தையல் மெஷின் மாதிரி ஆடியது. இடது காலைத் தூக்கி வலது பாதத்தின் மேலேயே வைத்து அழுத்திக்கொண்டாள். வலது கையைக் கட்டைகளிலிருந்து எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை.

அடுத்து ஸ்லைடரிலிருந்து இடது கை விரலை எடுக்க வேண்டும். அது லேசில் முடியவில்லை. விரல் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கர்த்தரே என்று ஒரு தரம் சொல்லி, சுட்டுவிரலை எடுத்தாள். பிறகு நடுவிரலை. திரையில் எண்பத்து நாலு எண்பத்து மூன்றாகித் திரும்ப எண்பத்து நாலாயிற்று. மேலே ஸ்ரீமதி இரண்டு அங்குலம் இறங்கி ஏறினாள். மண்டபத்தில் யாரோ ஒரு குழந்தை சிரித்தது.

மூன்றாவது நாப்பைப் பிடித்துத் திருகினாள். சத்தத்தில் எதிரொலி கூடியது. ஒரு பெரிய குகைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. எழுபத்தொம்பது, எண்பத்து ரெண்டு, எண்பத்தஞ்சு. ஒன்று பின்னால். எண்பத்து நாலு. கையை எடுத்தாள்.

எடிட் பொத்தான். கன்ட்ரோல் நம்பருக்கான கட்டை. ஏழு. கடைசி என்டர் கட்டைக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு அவள் நின்றுவிட்டாள். தப்பான கட்டையை அடித்திருந்தால்? பத்து வருஷமாக அடிக்கிற கட்டைகள், ஒன்றுகூட இப்போது அடையாளம் தெரியாத மாதிரி இருந்தது. திரையைப் பார்த்தாள். ஏழுதான். எழுபது அல்ல, பதினேழு அல்ல. பக்கத்தில் அன்பரசு மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

என்டரை அடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் சரி.

பிறகு நாப்பை ஒரு மயிரிழை திருகினாள். எண்பத்து மூன்று. ஸ்ரீமதி இரண்டு அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினாள். எழிலரசியின் கண்ணில் நீர் முட்டியது. துடைக்க நேரமில்லை.

ஒவ்வொரு எண்ணாக இறக்கினாள். வால்யூமும் அதே ஏழாம் நம்பர் என்பதால், ஸ்ரீமதி இறங்க இறங்க இசையும் கூடவே இறங்கியது. எழுபது. அறுபத்தஞ்சு. மரங்களாக நின்ற நாலு பெண்களில் ஒருத்திக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஆட்டம் மாதிரியே நகர்ந்து வந்து, ஸ்ரீமதிக்கு நேர் கீழே கைகளை உயர்த்தி நின்றாள். மற்ற மூவரும் வந்து நின்றார்கள்.

ஐம்பத்திரண்டில் மேடை விளக்குகள் ஒரு தரம் மங்கின. கரண்டு ஒரு நொடி குறைந்தது. மோட்டர் உறுமியது. கயிறு வழுக்கி ஸ்ரீமதி ஒரு முழம் சரிந்தாள். எழிலரசி நாப்பைத் திருப்பவில்லை, விடவும் இல்லை. அவளுக்குப் பிற்பாடு நினைவிருந்ததெல்லாம், அந்த நேரத்தில் மூன்றாவது வரிசையில் மங்கலம் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதுதான். ஸ்ரீமதி விழுந்தபோதும் மண்டபத்திலேயே கை தட்டாமல் இருந்தது அந்தத் தாய் ஒருத்தி. விளக்குகள் திரும்பப் பிரகாசமாயின. கயிறு பிடித்துக்கொண்டது.

நாற்பது. முப்பது. இசை இப்போது முதல் வரிசைக்கு மட்டும் கேட்கும் அளவு. இருபது. பெண்களின் உயர்த்திய கைகள் ஸ்ரீமதியின் காலைத் தொட்டன, இடுப்பைப் பிடித்தன. பத்து. ஐந்து. ஸ்ரீமதியின் கால் தரையில் பட்டபோது மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. நாரை காலை மடித்து உட்கார்ந்தது. உண்மையில் அவளுக்கு முட்டி நிற்கவில்லை. ஒரு பெண் பின்னாலிருந்து கொக்கியைக் கழற்றினாள்.

ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்பரசு ஓடிப்போய் மோட்டர் சுவிட்சை அணைத்தான். ஆள் இல்லாத கொக்கி தரையில் கிடந்தது. எழிலரசி பெடலிலிருந்து காலை எடுக்க நினைத்தாள். எடுக்க முடியவில்லை. மரத்துப்போயிருந்தது.

திரை மூடியதும் வைத்திலிங்கம் சார் மேடைக்கு ஓடிவந்தார். நல்ல மனுஷர். கண் கலங்கியிருந்தது. அந்த இறங்கும் இடத்தில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய் நிசப்தத்தில் முடித்தது தன் கற்பனையில்கூட இல்லை என்றும், சாயங்காலமும் அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னார். பக்கத்தில் ஸ்ரீமதி ஒரு பிளாஸ்டிக் வாளியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்பரசு எழிலரசியைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை அது. மோட்டரைச் சரி செய்துவிடலாம், சேனலைப் பிரித்துவிடலாம், மத்தியானம் முழுக்க நேரம் இருக்கிறது. எழிலரசிக்கு அவன் மேல் கோபம்கூட வரவில்லை. அவன் பெட்டியில் எவ்வளவு தப்போ அவ்வளவு தப்பு தன் வாயிலும் இருக்கிறது என்று தோன்றியது.

"சாயங்காலம் கயிறு கட்டினா நான் வாசிக்க மாட்டேன் சார்" என்றாள். பிறகு நடந்தது முழுவதையும் சொன்னாள். கொக்கி ஏறியதைக் காலையிலேயே பார்த்ததையும் சேர்த்துச் சொன்னாள். வைத்திலிங்கம் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார். பிறகு மோட்டரைக் கழற்றிக் கீழே இறக்கச் சொன்னார்.

மங்கலம் அதற்குள் மேடைக்குப் பின்னால் வந்து மகளின் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விலாவில் ஒரு சாண் அகலத்துக்குக் கன்றிச் சிவந்திருந்தது. எழிலரசி போய் எதிரில் நின்றாள். கீபோர்டில் வந்த தைரியம் இங்கே வரவில்லை. காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டது இந்தப் பயம்.

"அக்கா, காலையிலயே கொக்கி தப்பா ஏறுனத நான் பாத்தன். ஒரு தடவ கேட்டன். அவுரு இல்லன்னதும் விட்டுட்டன்."

மங்கலம் மகளின் ஜாக்கெட்டைச் சரி செய்துவிட்டு நிமிர்ந்தாள். முறைக்கவில்லை. ஒரு கணக்குப் புரியாதவள் கேட்பதுபோல் கேட்டாள்.

"இன்னொரு தடவ ஏன் கேக்கல?"

"சிரிப்பாங்கன்னு."

மங்கலம் தூக்கைத் திறந்து, எலுமிச்சம்பழச் சாதத்தை மூடியில் போட்டு மகளுக்குக் கொடுத்தாள். சற்று நேரம் கழித்து, இன்னொரு மூடியில் போட்டு எழிலரசி பக்கம் நீட்டினாள். எழிலரசி வாங்கிக்கொண்டாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள். மன்னித்துத்தான் கொடுத்தாளா, பசித்திருக்கிறாள் என்று கொடுத்தாளா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலக் காட்சியில் ஸ்ரீமதி ஆடமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஆடுவேன் என்றாள். தரையிலேயே ஆடுகிறேன், கை இருக்கிறது, காலிருக்கிறது, பறக்கிற மாதிரி காட்டத் தெரியும் என்றாள். மங்கலம் தடுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். மூன்றாவது வரிசையில் உட்காரமாட்டேன் என்றாள். கீபோர்டு வாசிக்கிற அந்தப் பொண்ணு பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னாள்.

அப்படியே போட்டார்கள். நாடகம் முழுக்க மங்கலம் எழிலரசியின் இடது கைப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மகளை அவள் அதிகம் பார்க்கவில்லை. எழிலரசியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஸ்லைடர் பக்கம் போனால் மங்கலத்தின் தோள் விறைத்தது. கயிறும் இல்லை, மோட்டரும் இல்லை, ஸ்லைடரைத் தள்ளினால் சத்தம் கூடும், அவ்வளவுதான். அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் நாரை எழும்பும் இடம் வந்தபோது எழிலரசியால் ஸ்லைடரைத் தொட முடியவில்லை. நாப்பையும் தொட முடியவில்லை. இசை பொங்க வேண்டிய இடத்தில் பொங்காமல், இருந்த அளவிலேயே ஓடியது. தரையில் ஸ்ரீமதி கைகளை விரித்து, நுனிக்காலில் எழும்பி, எழும்பி நின்றாள். காலையில் தட்டிய அளவுக்கு ஜனங்கள் கை தட்டவில்லை.

கிள்ளை வேன் புறப்படுவதற்கு முன்னால் மங்கலம் திரும்பி வந்தாள். எழிலரசி கீபோர்டை உறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். மங்கலம் தன் செல்போனை நீட்டி, இதுல உன் நம்பரைப் போட்டுக்குடு என்றாள்.

"இவ இன்னும் எங்கெங்கயோ ஆடப் போவா. போறதுக்கு மின்ன உனக்குப் போன் பண்ணுவன். நீ வந்து மேல கீழ எல்லாம் பாக்கணும். சந்தேகம்னா எங்கிட்ட சொல்லணும். நான் கேட்டுக்கறன்."

எழிலரசிக்கு உள்ளங்கை திரும்பவும் வியர்த்தது. முந்தியில் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி, பத்து எண்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள்.